கோப்பை வேண்டாம், அந்தக் கிழக்குதிரையைப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்னக் குதிரையேற்ற கிளப்பில் எல்லோரும் மாமா என்று கூப்பிட்ட பெரியவர் போன மாதம் காலமானார். உங்களுக்கும் அவரைத் தெரியும். அருவங்காடு வெடிமருந்து ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்தமாகக் குதிரை கிடையாது, எந்தப் போட்டியிலும் கலந்துகொண்டதில்லை, ஆனால் அவர் வராத காலை என்று ஒன்று எனக்கு நினைவில்லை. இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் "நல்ல மனிதர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் குதிரைக்காரர்கள் வாசலிலேயே நின்றார்கள். இப்போது ஆண்டுப் போட்டியில் அவர் பெயரில் ஒரு கோப்பை வைக்கலாம் என்கிறார்கள். நினைவு மலரும் வருகிறது, அதற்கு முதல் கட்டுரை நான் எழுத வேண்டும். கோப்பைக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை, ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. மலரில் என்ன எழுதுவது?

ஒரு வாசகி, குன்னூர்

*

அன்புள்ள சகோதரி,

மாமா போய்விட்டார் என்பதே உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. அன்றைக்கு முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

கோப்பை வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். அது ஜெயித்தவர் வீட்டு அலமாரிக்குப் போகும், கொஞ்ச வருஷத்தில் அதில் பொறித்த பெயர் யாருடையது என்று கேட்கக்கூட ஆள் இருக்காது. மாமா தாண்டுதல் போட்டி நடக்கும் நாளில்கூட மைதானப் பக்கம் அதிகம் வரமாட்டார், லாயத்தின் கடைசியில் கட்டியிருக்கும் அந்தக் கிழக்குதிரையின் பக்கத்தில்தான் நிற்பார். கட்டுரையை அங்கிருந்து தொடங்குங்கள்.

அது பந்தயத்தில் ஓடிய குதிரை என்று அவர்தான் எனக்குச் சொன்னார். பந்தயக் குதிரை 2 வயதிலேயே ஓடத் தொடங்கிவிடும், பெரும்பாலானவற்றுக்கு 10 வயதுக்கு முன்பே ஓட்டம் முடிந்துவிடும், ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25, 30 வருஷம் இருக்கும். மிச்ச வருஷங்களுக்கு அது எங்கே போவது? சில குதிரைகள் கிளப்புகளுக்கு வந்து நம் பிள்ளைகளைச் சுமக்கின்றன, அப்புறம் காலோ முதுகோ போனதும் அவையும் யாருக்கும் வேண்டாதவையாகிவிடுகின்றன. சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு நடக்கும் மட்டக்குதிரைகளுக்கும் இதே கதிதான். ஊட்டி நகரத்துக்குள் குப்பையைக் கிளறிக்கொண்டு திரியும் குதிரைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாமா அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தால் அன்றைக்கு யாரோடும் பேசமாட்டார்.

அந்தக் கிழக்குதிரையின் கடைவாய்ப் பற்கள் தேய்ந்துபோயிருந்தன. காய்ந்த புல்லை மென்று மென்று கடைசியில் உருண்டையாகத் துப்பிவிடும். தின்கிற மாதிரி இருக்கும், உடம்பில் ஒன்றும் ஒட்டாது. அதனால் அவர் தவிட்டையும் வேகவைத்த கொள்ளையும் வெந்நீரில் குழைத்து, சூடு ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து கொடுப்பார். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியதும் அடுப்பு மூட்டித் தண்ணீர் காயவைப்பதுதான் முதல் வேலை. தொட்டித் தண்ணீர் சில்லிட்டுக் கிடந்தால் குதிரை குடிப்பதைக் குறைத்துவிடும், காய்ந்த தீனியும் குறைந்த தண்ணீரும் சேர்ந்து குடலை அடைக்கும், குதிரைக்கு வாந்தி எடுக்கவும் முடியாது. சூலை என்கிற அந்த வயிற்றுவலி வந்தால் ஒரே ராத்திரியில்கூடப் போய்விடும். எல்லாக் குதிரைகளுக்கும் அந்த வெதுவெதுப்பான தண்ணீரைக் கலந்து வைத்துவிட்டுத்தான் அவர் தன் டீயைக் குடிப்பார், பல நாள் அந்த டீ ஆறிப்போயிருக்கும். "நல்ல மனிதர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவர்கள் இதைச் சொல்லியிருக்கலாம்.

என் மகள் கோடை விடுமுறையில் அங்கே பழக வந்தபோது முதல் நாள் அவளை அவர் ஏறவே விடவில்லை. குளம்பைத் தூக்கி, கொக்கியால் மண்ணையும் கல்லையும் எடுக்கச் சொன்னார். அவள் முகம் வாடிவிட்டது. "முதல்ல அதுக்கு எங்க வலிக்குதுன்னு பாரு கண்ணு, அப்புறம் நீ ஏறலாம்" என்றார். அவள் இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள், செய்தியைச் சொன்னதும் அழுதுவிட்டாள்.

இன்னொன்று, இது கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். குதிரைக்காரர்கள் வாசலில் நின்றது சரியில்லை. நம் மலையில் குதிரை வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் ஊட்டி ஹன்ட் என்ற வேட்டைக் குழு குதிரையேறிக் குள்ளநரிகளை விரட்டிய கதையைத்தான் எழுதுகிறார்கள். 1891 முதல் 1896 வரை சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக இருந்து போனவரின் பெயர் அந்தப் புல்வெளிக்கே நிலைத்துவிட்டது. அந்த மேட்டிலும் சேற்றிலும் ஓடிவிட்டு வந்த குதிரைகளின் வியர்வையைத் துடைத்து, நடக்கவைத்து, லாடம் கழன்றிருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்த்தவர்களில் ஒருவர் பெயராவது நம்மில் யாருக்காவது தெரியுமா? மாமா வேலையெல்லாம் செய்தது உங்கள் குதிரைக்காரர்களோடுதான். அவர் கற்றுக்கொண்டதும் அவர்களிடம்தான், அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

எனவே மலருக்கு நீங்கள் ஒரு நோட்டோடு லாயத்துக்குப் போங்கள். ஒவ்வொரு குதிரையைப் பற்றியும் மாமா என்ன சொல்வார் என்று அவர்களிடம் கேளுங்கள். சேணத்தின் வாரை இறுக்கும்போது வயிற்றை உப்பிக்கொண்டு ஏமாற்றுவது எது, இடி இடித்தால் யாரையாவது பக்கத்தில் நிற்கவைக்க வேண்டியது எது, எதற்கு எந்தக் காலில் பழைய அடி. இதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது, இப்போது அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அவர்கள் பெயர்களோடு அப்படியே அச்சிடுங்கள். அடுத்த கூட்டத்தில் அவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து முதலில் பேசச் சொல்லுங்கள்.

கோப்பைக்குச் சேர்த்த பணத்தை ஓய்வுபெற்ற குதிரைகளுக்கென்று ஒதுக்குங்கள் என்று உங்கள் குழுவிடம் கேட்டுப் பாருங்கள். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 கிலோ காய்ந்த தீனி வேண்டும், வேலை செய்யாவிட்டாலும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும், பல்லுக்கு டாக்டர் வந்து பார்க்க வேண்டும். வருஷா வருஷம் வரும் செலவு இது, ஒருநாள் விழாவோடு முடியாது. மாமா பெயரை இதற்கு வையுங்கள்.

அந்தக் கிழக்குதிரைக்கு இப்போது யார் தீனி குழைத்துக் கொடுக்கிறார்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அதை உடனே எழுதுங்கள். அடுத்த குளிர்காலத்துக்கு ஆள் ஏற்பாடு செய்யவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள், கட்டுரை பிறகு. என் பங்குப் பணத்தை யாரிடம் கொடுப்பது என்பதையும் சொல்லுங்கள், மகளும் கேட்கிறாள்.