இறைச்சி பதப்படுத்தும் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் யாருடைய வாழ்க்கை உங்களைக் கவர்ந்தது?

குஸ்தாவஸ் ஸ்விஃப்ட். குளிர்பதனக் கிடங்குத் தொழிலில் இருப்பவன் என்பதால் எனக்கு அவர்மீது தனி மரியாதை உண்டு. எங்கள் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் அவரும் ஒருவர்.

1839இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர். 14 வயதில் அண்ணனின் இறைச்சிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு வீட்டில் கடன் வாங்கி ஒரு கிடாரியை வெட்டி, வீடு வீடாக விற்றார். 1875இல் சிகாகோவுக்கு வந்தபோது அவர் மாட்டு வியாபாரி.

அப்போது மாடுகளை உயிரோடுதான் ரயிலில் கிழக்கு நகரங்களுக்கு அனுப்பினார்கள். வழியில் சில செத்தன, மற்றவை இளைத்தன. மாட்டின் எடையில் பாதிக்கு மேல் உண்ண உதவாத பகுதி. அதற்கும் சேர்த்தே ரயில் கட்டணம். சிகாகோவிலேயே வெட்டி இறைச்சியை மட்டும் அனுப்பலாம் என்று ஸ்விஃப்ட் துணிந்தார். கேட்க எளிது, செய்வதுதான் பெரும்பாடு. அதற்குமுன் வந்த, பனிக்கட்டி வைத்த ரயில் பெட்டிகளில் ஐஸ் பட்ட இறைச்சி நிறம் மாறியது. கொக்கியில் தொங்கிய இறைச்சி வளைவுகளில் ஊசலாடி வண்டியையே தடம்புரட்டியது. ஆண்ட்ரூ சேஸ் என்ற பொறியாளர் ஐஸை மேலே வைத்து, குளிர்ந்த காற்று கீழிறங்கும்படி பெட்டியை வடிவமைத்துக் கொடுத்தார்.

பெட்டி தயாரானதும் ரயில் நிறுவனங்கள் முரண்டு பிடித்தன. மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளிலும் வழியோரப் பட்டிகளிலும் பணத்தைக் கொட்டியிருந்தவர்கள் அவர்கள். கால்நடைச் சரக்கு அதிகம் இல்லாத கனடாவின் கிராண்ட் டிரங்க் ரயில்வேதான் கை கொடுத்தது. வழிநெடுக ஐஸ் நிரப்பும் நிலையங்களையும் ஸ்விஃப்ட் அமைத்தார். அவர் வாழ்க்கையில் நான் மிகவும் வியப்பது இந்தப் பிடிவாதத்தைத்தான். பெட்டியோடு நிற்காமல் பாதை முழுவதையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர் அவர்.

1885இல் ஸ்விஃப்ட் அண்ட் கம்பெனி பதிவானது. கொழுப்பு சோப்பாயிற்று, எலும்பு பசையும் உரமும் ஆயிற்று. ஆலைக் கழிவுநீரில் கொழுப்பு வீணாகப் போகிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பாராம். ஆனால் சிகாகோ இறைச்சி ஆலைகளின் கழிவு கலந்த ஆற்றுக் கிளையில் நீர் குமிழிவிட்டு நாறியதையும் மறைக்கக் கூடாது. ஊர் மக்கள் அதைக் 'குமிழி ஓடை' என்றே அழைத்தார்கள்.

அவர் 1903இல் காலமானார். பெரிய இறைச்சி நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து விலையைக் கட்டுப்படுத்திய வழக்கில், 1905இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அது நியாயமான தீர்ப்பு என்றே நான் கருதுகிறேன்.