அக்கானி காய்ச்சினால் கூரை சொட்டுகிறதே!

கேள்வி: சமையலறையில் கேஸ் அடுப்பில் 10 லிட்டர் அக்கானி (பதநீர்) காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிறோம். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் கூரை சொட்டுகிறது, சுவரில் பூஞ்சை. என்ன செய்யலாம்?
- வாசகி, தக்கலை

பதில்: சொட்டாமல் என்ன செய்யும்? 10 லிட்டரில் 8 லிட்டருக்கு மேல் தண்ணீர்தான், அத்தனையும் ஆவியாகப் போனால்தான் கருப்பட்டி. ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்தால் ஏறக்குறைய 1,700 லிட்டர் ஆவி, போதாக்குறைக்கு கேஸ் எரிவதிலும் நீராவி வரும். மூடி போட்டால் ஆவி அடங்கும்தான், ஆனால் பாகு எப்போது வற்றுவது?

ஃபேனை ஒட்டிய ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறீர்களா? அதை முதலில் சாத்துங்கள். வெளிக்காற்று அந்த வழியே வந்து அப்படியே ஃபேனில் போய்விடும், அடுப்புக்கு மேலே நிற்கிற ஆவி அசையாது. எதிர்ப்பக்கத்து ஜன்னலையோ கதவையோ திறங்கள். ஃபேன் அடுப்புக்கு மேலே, உயரத்தில் இருக்கட்டும். அடுப்பு மூட்டும்போதே போட்டு, இறக்கிய பிறகும் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அப்புறம், பொங்கினால் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் போதும்.

என்னைக் கேட்டால், வற்றும் வரை பின்முற்றத்தில் விறகடுப்பு, பாகு பதத்துக்குக் கிண்டுவதை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளலாம். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்துவிட்டால் ஓலைச்சாய்ப்பு ஒன்று வேண்டியிருக்கும், ஓலை தீக்கு எட்டாத உயரத்தில்.