மனநல சிகிச்சைக்கு எங்கே போவது, எவ்வளவு ஆகும்? கேள்வி பதில்

வானம் பார்த்த சீமையில், மாவட்ட மனநலத் திட்டத்தில், 17 வருஷம் சமூகப் பணியாளராக இருந்தேன். நான் டாக்டர் இல்லை. மருந்து எழுத மாட்டேன், எழுதின மருந்தை மாற்றச் சொல்லவும் மாட்டேன். எங்கே போவது, எப்படிப் போவது, கையில் எவ்வளவு வைத்துக்கொள்வது என்று கேளுங்கள், வர வர இங்கேயே பதில் சொல்கிறேன்.

கமுதிப் பக்கமிருந்து: அக்கா, அப்பா இறந்து நாலு மாசம் ஆச்சு. அம்மா ராத்திரி முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். சாப்பாடு பாதிதான். அப்பாவோடு பேசுகிற மாதிரி முணுமுணுக்கிறாள். மதுரைக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள். எவ்வளவு பணம் வேண்டும்?

பணத்திலிருந்தே ஆரம்பிப்போம். எல்லாரும் டாக்டர் ஃபீஸை மட்டும் கணக்குப் போடுகிறார்கள். மதுரைக்குப் போனால் இரண்டு பேருக்கு பஸ் சார்ஜ், மதியச் சாப்பாடு, இரண்டு பேர் கூலி. இதை மாசம் ஒரு தடவை, குறைந்தது ஒரு வருஷம் செய்ய வேண்டியிருக்கும். முதல் மாசம் கடன் வாங்கிப் போவீர்கள். இரண்டாவது மாசம் தோட்டை அடகு வைத்துப் போவீர்கள். மூன்றாவது மாசம் களையெடுப்போ, கருவேல் வெட்டோ வந்துவிடும், போகமாட்டீர்கள். நான் பார்த்த குடும்பங்களில் சிகிச்சை அறுந்தது பெரும்பாலும் அந்த மூன்றாவது மாசத்தில்தான். அதனால் "நல்ல டாக்டர் யார்" என்பதற்கு முன்னால் "இது ஒரு வருஷம் தாங்குமா" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மனநல மருத்துவத்தைக் கீழ்ப்பாக்கத்திலிருந்து நம் பக்கம் கொண்டுவரத்தான் 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. நம் மாநிலத்தில் முதலில் திருச்சிக்கு. இப்போது மாவட்டத் தலைமை ஜி.எச்.சில் மனநலப் பிரிவு உண்டு, குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குழு வரும். பார்ப்பதும் மருந்தும் இலவசம். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், இல்லாவிட்டால் கிராம சுகாதார நர்ஸிடம், "மனநல டாக்டர் எந்தக் கிழமை, எந்த ஆஸ்பத்திரிக்கு வருவார்?" என்று கேளுங்கள். கிளம்புகிற அன்று காலையில் மறுபடி ஒரு தடவை கேளுங்கள். கிழமை மாறியது தெரியாமல் வந்து, பூட்டின கதவுக்கு முன்னால் நின்றவர்கள் எத்தனையோ பேர்.

போகும்போது அம்மாவோடு ஒரே வீட்டில் படுக்கிற ஆள் கூடப் போக வேண்டும். ஊரில் விவரமான சித்தப்பா வந்து பேசுவதில் பிரயோஜனமில்லை, அம்மா எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று அவருக்குத் தெரியாது. பழைய மருந்துச் சீட்டு, காலி அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு அம்மா மகனுடைய ஆறு வருஷத்து மாத்திரை அட்டைகளை ஜவுளிக்கடை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். மேஜையில் கொட்டிப் பார்த்தால், இரண்டு ஊர் டாக்டர்கள் ஒரே தூக்க மாத்திரையை வேறு வேறு கம்பெனிப் பேரில் எழுதியிருந்தார்கள். பையன் பகலெல்லாம் தூங்கி வழிந்த காரணம் அந்தப் பைக்குள் இருந்தது.

அப்பாவோடு பேசுவதை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள் பேசத்தான் செய்வாள். சாப்பிடாமல், தூங்காமல் நாலு மாசம் இருப்பதைத்தான் காட்டியாக வேண்டும். சுகர், தைராய்டு இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெயர் போடாதவர்: நல்ல கவுன்சிலர் நம்பர் ஒன்று கொடுங்களேன்.

தனி ஆள் நம்பர் யாருக்கும் தரமாட்டேன். 14416-க்குக் கூப்பிடுங்கள்.

கல்லூரி மாணவி, முதுகுளத்தூர்: அந்த 14416-ல் உண்மையிலேயே பேசுவார்களா? எங்கள் வீடு ஒரே அறை. யார் காதிலும் விழாமல் பேச முடியாது.

பேசுவார்கள். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலிமானஸ் என்கிற தொலைபேசி மனநலச் சேவை அது. 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது. பட்டன் போனே போதும். தேவைப்பட்டால் மனநல டாக்டருக்கு இணைப்பார்கள். அந்த நம்பர் கிடைக்காவிட்டால் 104, அரசு மருத்துவ ஆலோசனை நம்பர்.

இடம்தான் உங்களுக்குப் பெரிய பிரச்சினை. என்னிடம் வந்த ஒரு பெண், வாரம் ஒரு நாள் சாயங்காலம் ஆடு பத்தப் போகிற சாக்கில் வயலில் இருந்த மோட்டார் ரூமுக்குள் போய் உட்கார்ந்து போனில் பேசுவாள். மோட்டார் ஓடும்போது வெளியே ஒன்றும் கேட்காது. கரண்ட் போனால் பேச்சை நிறுத்திவிட்டு, "ம்... ம்..." என்று மட்டும் சொல்லுவாள். எட்டு மாசம் இப்படியே ஓட்டினாள். உங்களுக்கும் ஒரு மோட்டார் ரூம் இருக்கும், தேடுங்கள். கல்லூரி போகிற வழியில் இருந்தாலும் சரி.

வீடியோவில் பார்ப்பதும் புதிதில்லை. 2010 வாக்கிலேயே புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்கார்ஃப் என்கிற சென்னை மனநலத் தொண்டு அமைப்பின் பஸ் ஊர் ஊராகப் போகும். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து சென்னை டாக்டரோடு திரையில் பேசிவிட்டு, மருந்தையும் அங்கேயே வாங்கிக்கொண்டு இறங்குவார்கள்.

சாயல்குடியிலிருந்து: மனநல மருத்துவர், உளவியலாளர், கவுன்சிலர் - மூன்றும் ஒன்றுதானா?

இல்லை. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார், மருந்து எழுதக் கூடாது. அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம், அதுதான் ஆபத்து. மூன்று நாள் பயிற்சி முடித்துவிட்டு "ஆழ்மன சிகிச்சை, கட்டணம் முன்பணம்" என்று நோட்டீஸ் அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பதிவு எண் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். இன்றைக்கு இதை இன்னும் இரண்டு தடவையாவது சொல்லுவேன்.

இரண்டு பேர், ஒரே கேள்வி: மதுரையில் நல்ல டாக்டர் யார்? திருநெல்வேலியில்?

முதல் பதிலைப் படியுங்கள்.

அவசரம் என்று எழுதியவருக்கு வரிசையை விட்டுவிட்டு வருகிறேன். தம்பி இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை, "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நல்லது" என்கிறான், வயலுக்கு வாங்கின பூச்சி மருந்து வீட்டில் இருக்கிறது என்கிறீர்கள்.

இதைப் படித்ததும் எழுந்து அந்த மருந்தை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோங்கள். பரணில் ஒளிப்பது போதாது, வேறு வீட்டில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். தம்பியைத் தனியாக விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வராது, கேட்டால் பாரம்தான் இறங்கும். இன்றைக்கே ஜி.எச்.சுக்குக் கூட்டிப் போங்கள், போகிற வழியில் 14416-ல் பேசுங்கள். ஏற்கெனவே எதையாவது குடித்திருந்தால் 108, ஒரு நிமிஷம் தாமதிக்காதீர்கள். போலீஸ் கேஸ் ஆகுமென்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவுப்படி, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது.

போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

திருவாடானைப் பக்கமிருந்து: அண்ணனை ஒரு மண்டலம் கோவிலில் தங்க வைத்தோம். கொஞ்சம் தேறினான். டாக்டரிடம் சொன்னதும் திட்டுகிறார். நாங்கள் செய்தது தப்பா?

தப்பில்லை என்று ஒரு வரி எழுதினேன், அவ்வளவுதான். ஒருவர் "ஏர்வாடியை மறந்துவிட்டீர்களா? இதையெல்லாம் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும்" என்றார். இன்னொருவர் "மருந்துக் கம்பெனி ஏஜெண்டுகள் சாமியைக் குறை சொல்லாதீர்கள்" என்றார். முக்கால் மணி நேரமாக நீங்கள் இரண்டு பேரும்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சரி, நானும் சொல்லிவிடுகிறேன்.

ஏர்வாடியை நான் எப்படி மறப்பேன்? 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அது தர்கா நடத்தின இடம் இல்லை, காசு வாங்கிக்கொண்டு தனியார் நடத்திய விடுதி. சங்கிலி போடுவதை 2017 சட்டம் எந்த வடிவத்திலும் கூடாது என்கிறது. இதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது.

அதே சமயம் இன்னொன்றையும் கேளுங்கள். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோவிலில் தங்கியிருந்த 31 பேரை பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்காரர்கள் கவனித்து, 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களுக்கு நோய்க்குறி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே மந்திரமோ பேயோட்டலோ பெரிதாக ஒன்றுமில்லை. குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்குவார், வாசல் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று சின்ன வேலை இருக்கும், கட்டணம் கிடையாது. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. "பார்த்தீர்களா, மாத்திரையே வேண்டாம்" என்று இதைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். ஆனால் உங்கள் அண்ணன் தேறினதற்குக் காரணம் புரிகிறதா? ஒரு மண்டலம் அவனை யாரும் ஏசவில்லை, கூட ஒரு ஆள் இருந்தது, செய்ய வேலை இருந்தது.

கோவிலுக்குப் போங்கள், தர்காவுக்குப் போங்கள், மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். ஏர்வாடி தர்காவிலேயே பிற்பாடு அரசு மனநலக் குழு உட்கார்ந்து, பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கிற ஏற்பாடு வந்துவிட்டது. "மாத்திரையை நிறுத்தினால்தான் சாமி இறங்கும்" என்கிற இடத்திலிருந்து மட்டும் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். அண்ணனுடைய டாக்டருக்கு: திட்டினால் அடுத்த தடவை உங்களிடம் சொல்லாமல் போவார்கள், அவ்வளவுதான் நடக்கும்.

இதற்கு மேல் இந்தப் பேச்சுக்கு நான் வரவில்லை.

பரமக்குடியிலிருந்து: மாத்திரை ஆரம்பித்து பத்து நாள். ஒன்றும் தெரியவில்லை. நிறுத்திவிடலாமா? அடிமை ஆகிவிடுவேனா?

மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரைகள் வேலை காட்ட இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். நீங்களாக நிறுத்தாதீர்கள். அடிமையாக்குகிற சாமான் வேறு இருக்கிறது, மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருக்கும் தூக்க மாத்திரை. அல்பிரசோலம் மாதிரியானவை. அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான்.

பெயர் வேண்டாம் என்றவர்: அப்பா குடிக்கிறார். குழம்பில் கலந்து கொடுக்கிற மாத்திரை இருக்கிறதாமே?

கொடுக்காதீர்கள். தெரியாமல் அதைச் சாப்பிட்டுவிட்டு மேலே குடித்தால் உயிருக்கே ஆபத்து. தினமும் நிறையக் குடிக்கிறவரை வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்ப்பதும் ஆபத்துதான், இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், நிதானம் தப்பலாம். ஆஸ்பத்திரியில் வைத்து நிறுத்துங்கள்.

மானாமதுரையிலிருந்து: முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கவுன்சிலிங் கட்டணம் கழியுமா? தனியார் பாலிசியில்?

அட்டையில் வெளிநோயாளி கவுன்சிலிங் கட்டணம் கழியாது. தனியார் பாலிசிக்கு 2017 சட்டத்தின் 21-ஆம் பிரிவு இருக்கிறது: உடல்நோய்க்கு எப்படியோ, மனநோய்க்கும் அப்படியே காப்பீடு தர வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2018-ல் சொன்னது, 2022-ல் மறுபடி சொன்னது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்த்தால்தான் கொடுக்கும். பாலிசி எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கும் நோயை மறைக்காதீர்கள், பிறகு அதையே காரணம் காட்டி மறுப்பார்கள்.

சிவகங்கையிலிருந்து: பதினைந்து நாளுக்கு ஒரு தடவை 1,200 ரூபாய் கொடுத்து உளவியலாளரைப் பார்க்கிறேன். நல்லவர்தான். ஆனால் கடன் ஏறுகிறது. நிறுத்தப்போகிறேன்.

நிறுத்துவதற்கு முன்னால் இதே வார்த்தைகளை அவரிடம் சொல்லுங்கள். "இவ்வளவுதான் முடியும்" என்றால் மாசம் ஒரு தடவையாக்கி, நடுவில் வீட்டில் செய்ய வேண்டியதை எழுதிக் கொடுக்கலாம், கட்டணத்தைக் குறைக்கலாம், இல்லை ஜி.எச். உளவியலாளருக்குக் கடிதம் கொடுக்கலாம். எத்தனை தடவை வர வேண்டியிருக்கும் என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். பதிவு எண் இருக்கிறதா?

இன்னொருவர்: கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது.

இன்னும் மூன்று பேர்: நல்ல டாக்டர்...

முதல் பதில்.

தம்பியைப் பற்றி எழுதியவர்: ஜி.எச்.சில் இருக்கிறோம் அக்கா. சேர்த்துக்கொண்டார்கள். மருந்து டப்பா மாமா வீட்டில் இருக்கிறது.

நல்லது. நீங்களும் ஏதாவது சாப்பிடுங்கள்.

மறுபடியும் கமுதிப் பக்கமிருந்து: நர்ஸிடம் கேட்டுவிட்டேன், புதன்கிழமை வருகிறார்களாம். ஆனால் அம்மா "எனக்கென்ன பைத்தியமா" என்கிறாள். வரமாட்டேன் என்கிறாள்.

கோவிலுக்கு என்று பொய் சொல்லி ஏற்றாதீர்கள். இறங்கின பிறகு உங்களையும் நம்பமாட்டாள், டாக்டரையும் நம்பமாட்டாள். "உனக்குத் தூக்கமே இல்லையே, அதைக் காட்டிவிட்டு வருவோம்" என்று சொல்லுங்கள். அது உண்மைதானே. முதலில் பொது ஓ.பி.யில் சீட்டுப் போட்டு பி.பி., சுகர் பார்க்கட்டும், அங்கிருந்து மனநல டாக்டரிடம் அனுப்பச் சொல்லுங்கள். காலையில் முதல் பஸ்ஸையே பிடியுங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டம் ஏறிவிடும். அம்மாவுக்கு ஜன்னல் சீட்.