தாத்தாவின் பட்டாலியன் இன்னும் இருக்கிறதா?

அமெரிக்காவில் வசிக்கும் வாசகி ஒருவரின் கேள்வி இது. அவருடைய கணவரின் தாத்தா இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று, அமெரிக்கப் படையோடு பிரான்ஸின் நார்மண்டியில் யூட்டா கடற்கரையில் இறங்கியவர். சி கம்பெனி, 1வது பட்டாலியன், 8வது காலாட்படை ரெஜிமென்ட், 4வது காலாட்படை டிவிஷன். (அன்று சில கம்பெனிகள் சேர்ந்தது பட்டாலியன், பட்டாலியன்கள் சேர்ந்தது ரெஜிமென்ட், ரெஜிமென்ட்கள் சேர்ந்தது டிவிஷன்.) கொலராடோவின் ஃபோர்ட் கார்சன் ராணுவ முகாமில் அதே 8வது ரெஜிமென்ட்டின் 1வது பட்டாலியன் இருக்கிறது. "அது தாத்தாவின் பட்டாலியன்தானா? நினைவுப் பலகை ஒன்று செய்கிறோம். என்ன பெயர் பொறிப்பது?" என்று கேட்கிறார்.

ரெஜிமென்ட் அதேதான், டிவிஷனும் அதேதான். ஆனால் பட்டாலியன் பெயரளவில்தான் அது. ராணுவத்தின் கணக்குப்படி தாத்தாவின் கம்பெனி வேறு கிளையில் போய்விட்டது.

இரண்டாம் உலகப் போரில் ஒரு காலாட்படை ரெஜிமென்ட்டுக்கு மூன்று பட்டாலியன்கள். ஏ முதல் டி வரை முதல் பட்டாலியன், இ முதல் எச் வரை இரண்டாவது, ஐ, கே, எல், எம் மூன்றாவது. ஜே கிடையாது. கையெழுத்தில் ஐ எழுத்தோடு குழம்பும் என்பதால் விட்டுவிட்டதாகச் சொல்வார்கள்.

1957இல் இந்த அமைப்பே மாறியது. அணுகுண்டு விழக்கூடிய போர்க்களத்தில் படை சிதறி நிற்க வேண்டும் என்று கருதி, டிவிஷனை ஐந்து 'போர்க் குழு'க்களாகப் பிரித்தார்கள். ரெஜிமென்ட் என்ற நடு அடுக்குக்கு அதில் இடமில்லை. அப்படியே விட்டிருந்தால் நூறு, நூற்றைம்பது வருடப் பெயர்களும் கொடிகளும் மறைந்திருக்கும். அதைத் தடுக்க ஒரு வழி கண்டார்கள். பழைய ரெஜிமென்ட்டின் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு புதிய பிரிவுக்கு மூதாதை ஆனது. ஏ கம்பெனியின் வம்சாவளி 1வது பிரிவுக்கு, பி கம்பெனியுடையது 2வதற்கு, சி கம்பெனியுடையது 3வதற்கு. 1960களின் தொடக்கத்தில் போர்க் குழுக்களைக் கைவிட்டு மறுபடி பட்டாலியன்களுக்குத் திரும்பினார்கள். இந்த எண் வரிசை மட்டும் அப்படியே தொடர்ந்தது.

ஆக, ஃபோர்ட் கார்சனில் இருக்கும் 1வது பட்டாலியன் ஏ கம்பெனியின் வாரிசு. தாத்தாவின் சி கம்பெனி வழி வந்தது 3வது பட்டாலியன். அதுவும் 4வது டிவிஷனோடு வியட்நாமில் போரிட்டது.

டிவிஷன் கதை வேறு மாதிரி. அங்கே ஆட்கள் இருந்த இடத்தில் இருக்க, கொடி மட்டும் இடம் மாறும். 1995 இறுதியில் 4வது காலாட்படை டிவிஷனின் கொடி கொலராடோவிலிருந்து டெக்சாஸின் ஃபோர்ட் ஹூடுக்குப் போனது. அங்கே 2வது கவச டிவிஷனாக இருந்தவர்கள் தோள்பட்டைச் சின்னத்தை மாற்றிக்கொண்டு 4வது டிவிஷன் ஆனார்கள். 2009இல் அந்தக் கொடி மறுபடி கொலராடோ வந்தது. இதைப் போலித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓய்வில் வைத்த (inactivated) பிரிவின் பெயரும் கொடியும் பத்திரமாக இருக்கும், எப்போது வேண்டுமானாலும் உயிர் பெறும். முறைப்படி 'கலைக்கப்பட்ட' (disbanded) பிரிவுதான் பட்டியலைவிட்டே போகிறது. பழைய ஆவணங்களில் இந்த இரண்டு சொற்களையும் பிரித்துப் படியுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பட்டாலியன்களின் அதிகாரபூர்வ வம்சாவளிச் சான்றிதழைத் தருவது வாஷிங்டனில் உள்ள ராணுவ வரலாற்று மையம். இணையத்திலேயே பல சான்றிதழ்களைப் படிக்கலாம். முதல் வரியில் எந்தக் கம்பெனியிலிருந்து வந்தது என்பது இருக்கும், அதை முதலில் பாருங்கள். தாத்தாவின் தனிக் கோப்பு செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்க வேண்டும். ஆனால் 1973 ஜூலையில் அங்கே நடந்த தீ விபத்தில், 1912 முதல் 1960 வரை பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அழிந்துவிட்டது. கிடைக்கவில்லை என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். சி கம்பெனியின் 'மார்னிங் ரிப்போர்ட்' கேளுங்கள். யார் புதிதாக வந்தார், யார் காயம்பட்டார், யார் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினார் என்று கம்பெனிவாரியாக அன்றன்றைக்கு எழுதிய தாள் அது. என் அனுபவத்தில் குடும்பங்களுக்கு அதிகம் கைகொடுப்பது இதுதான்.

ஃபோர்ட் கார்சனுக்கும் தயங்காமல் எழுதுங்கள். ரெஜிமென்ட்டின் போர்க் கௌரவங்கள் அதன் எல்லா பட்டாலியன்களுக்கும் பொது. யூட்டா கடற்கரை அவர்களுடையதும்தான்.

பலகையில் இன்றைய பெயரைப் போடாதீர்கள். அன்று அவர் இருந்த பிரிவின் பெயரையே பொறியுங்கள்: சி கம்பெனி, 8வது காலாட்படை ரெஜிமென்ட், 4வது காலாட்படை டிவிஷன், 1944.