டீ குடிக்க 20 கிலோமீட்டரா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மதுரை கே.புதூரில் இருக்கிறேன். வயது 44. கார்த்திகைக் கடைசியில் இங்குள்ள சைக்கிள் குழு ஒன்றில் சேர்ந்தேன். மகன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபின் வீட்டில் சும்மா கிடந்த கியர் சைக்கிளைத்தான் ஓட்டுகிறேன். ஞாயிறு காலை ஐந்தேகாலுக்குத் தல்லாகுளம் பெருமாள் கோயில் பக்கம் கூடி, அழகர்கோவில் வரை போய்த் திரும்புவோம். ஓட்டுவது இரண்டு மணி நேரம் என்றால் டீக்கடையில் உட்காருவது ஒரு மணி நேரம். பிறந்தநாள் கேக், போட்டோ, அரட்டை. "டீ குடிக்க 20 கிலோமீட்டர் போகணுமா, தெருமுனையிலேயே கடை இருக்கே" என்கிறார் வீட்டுக்காரர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் கடச்சனேந்தல் தாண்டியதும் பின்தங்கிவிட்டேன். நல்ல இருட்டு. முன்னால் போனவர்களின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன. அப்பன்திருப்பதியில் காத்திருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் அவமானமாக இருந்தது. இருபத்தைந்து பேரில் பெண்கள் நாங்கள் மூன்று பேர். "தை முடியட்டும், பாதிப் பேர் வரமாட்டாங்க" என்று பழைய உறுப்பினர் ஒருவர் சிரிக்கிறார். அப்படியானால் இது வெறும் மார்கழி மோகம்தானா? தொடரலாமா, விட்டுவிடலாமா?

க.,
மதுரை

*

அன்புள்ள க.,

உங்கள் வீட்டுக்காரருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், டீ குடிக்கத்தான் போகிறோம். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

நீங்கள் போகும் அதே சாலையில்தான் சித்திரையில் கள்ளழகர் இறங்கி வருகிறார். வைகைக்கு நேராக வந்து சேருவதென்றால் எப்போதோ வந்துவிடலாம். ஆனால் வழிநெடுக மண்டகப்படி. ஒவ்வொன்றிலும் நின்று, உபசாரம் ஏற்று, மறுபடி கிளம்பி, அடுத்ததில் நின்று வருகிறார். நிற்பதை எடுத்துவிட்டால் அந்தப் பயணத்தில் என்ன மிஞ்சும்? மதுரைக்காரருக்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

வெளியூர் சாட்சி வேண்டுமென்றால் அதுவும் உண்டு. இங்கிலாந்தில் 1878இல் சைக்கிள் பயணிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைக்கும் அது வேறு பெயரில் நடக்கிறது. அந்தக் காலத்தில் அவர்கள் செய்த முக்கியமான காரியங்களில் ஒன்று, சைக்கிள்காரர்களை மதித்துச் சோறு போட்டு இடம் கொடுக்கும் விடுதிகளைத் தேடிப் பிடித்து, சிறகு வைத்த சக்கரம் பொறித்த இரும்புப் பலகையை அந்த வாசல்களில் மாட்டியது. எங்கே நிறுத்திச் சாப்பிடலாம் என்பது அப்போதே சங்கத்தின் வேலை. அங்கே பந்தயக் காலம் இலையுதிர் காலத்தோடு முடிந்துவிடும். குளிர்கால ஞாயிறுகளில் வேகக்காரர்களும் மெதுவாக, கூட்டமாகப் போய் ஏதாவது ஒரு கடையில் கேக்கும் டீயும் சாப்பிட்டுத் திரும்புவார்கள். பின்னால் வருபவர் முகத்தில் சேறு அடிக்கக் கூடாதென்று மட்கார்டு மாட்டி வரச் சொல்லும் குழுக்கள் உண்டு. குளிரில் விறைத்தவர்களுக்கு அந்தக் கடை ஒரு தேவை.

நமக்கு நிலைமை நேரெதிர். மார்கழியில் மதுரையின் விடியற்காலை வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி நிற்கும். இதைக் குளிர் என்று சொன்னால் கொடைக்கானல்காரர் சிரிப்பார். ஆனால் வருஷத்தில் ஏழெட்டு மாதம் வெயிலில் வெந்துவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் மழையிலும் சாலைக் குழியிலும் அவதிப்பட்டுவிட்டு வருபவர்களுக்கு, எட்டு மணிக்கும் வெயிலில் உட்காரலாம் என்பதே பெரிய விஷயம். அங்கே குளிர் ஆளைக் கடைக்குள் தள்ளுகிறது. இங்கே குளிர்தான் நம்மைக் கடைக்கு வெளியே, பெஞ்சில், ஒரு மணி நேரம் உட்கார விடுகிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கடைசிக் கேள்விக்கு வேண்டும்.

அப்புறம், ஓட்டும்போது யாரும் பேச முடியாது. சேர்ந்து போவது என்கிறோம், ஆனால் காதில் காற்று, கண் சாலையில். "குழி!", "வண்டி வருது!", "ஸ்லோ, ஸ்லோ!" இவ்வளவுதான் அத்தனை தூரத்துக்கும் பேச்சு. மிச்சமெல்லாம் டீக்கடையில்தான் வெளியே வரும். மல்லி கிலோ என்ன விலைக்குப் போகிறது (பனியில் வரத்து குறைந்து மாட்டுத்தாவணியில் விலை ஏறும் காலம் இது), யார் வீட்டில் யாருக்கு ஆபரேஷன், யார் மகளுக்கு எந்தக் கல்லூரி, எந்த டயர் தேவலை. எங்கள் குழுவில் ஒருவருக்கு ரத்தம் தேவைப்பட்டபோது ஒரு மணி நேரத்தில் நான்கு பேர் சேர்ந்தார்கள். அந்த நான்கு பேரும் ஒருவருக்கொருவர் அறிமுகமானது பெஞ்சில்தான்.

ஒன்று கவனித்திருப்பீர்கள். நம் ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் "எந்த ஊரு?" என்று ஆரம்பிப்பார்கள். எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள் என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். சைக்கிள் குழுவில் அதற்குப் பதிலாக "வண்டி என்ன விலை?" இதுவும் ஏற்ற இறக்கம் பார்க்கும் கேள்விதான், சந்தேகமில்லை. ஆனால் விலையை வைத்து எடை போடுவது அப்பன்திருப்பதி வரைகூடத் தாங்காது. லட்ச ரூபாய் வண்டியை, கேரியரில் டிபன் பாக்ஸ் மாட்டிய கட்டட வேலைக்காரரின் கியரில்லாத வண்டி கடந்து போவதைத் தினமும் பார்க்கலாம்.

கடையைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. ஏழு பேர் உட்காரும் கடையில் இருபத்தைந்து பேர் திடீரென்று இறங்கி, பெஞ்சு முழுவதையும் பிடித்துக்கொண்டால், தினமும் அங்கே பேப்பர் படிக்கும் அந்த ஊர்ப் பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுகிறார். வண்டிகளைக் கடைவாசலை அடைத்துச் சாத்துவதும் அப்படித்தான். உங்கள் குழுவில் யாராவது இதைச் சொன்னால் நல்லது. கேக் வெட்டி முகத்தில் பூசுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

சரி, நீங்கள் பின்தங்கிய விஷயம். அதில் உங்கள் காலுக்கு உள்ள பங்கு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. பெரும்பங்கு காற்றுக்கு.

சமதரையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றை விலக்கவே செலவாகிறது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி, ஒரு மீட்டர் இடைவெளியில் போகிறவருக்குக் காற்றை அவர் விலக்கிக் கொடுத்துவிடுகிறார். கிட்டத்தட்டக் கால்பங்கு உழைப்பு மிச்சம், சில சமயம் அதற்கு மேலும். அந்த இடைவெளி ஏழெட்டு மீட்டராகிவிட்டால் மறைப்பு பெரும்பாலும் போய்விடும். இப்போது அதே வேகத்தில் போகவே நீங்கள் முன்னைவிடப் பலமாக மிதிக்க வேண்டும், இடைவெளியை மூட இன்னும் பலமாக. பின்தங்குகிறவர் ஏற்கெனவே களைத்தவர். அவரிடம்தான் இந்தக் கூடுதல் உழைப்பைக் காற்று கேட்கிறது. அதனால்தான் விளக்குகள் அவ்வளவு சீக்கிரம் மறைந்தன. போதாததற்கு இது வாடைக்காற்றுக் காலம். காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது, அழகர்கோவிலும் நமக்கு வடக்கே சற்றுக் கிழக்குத் தள்ளித்தான். விடியற்காலையில் காற்று பலமாக இராது, ஆனாலும் எதிரே இருந்தால் தொடை அறியும். திரும்பி வரும்போது எல்லோரும் நன்றாக ஓட்டுவதாக நினைத்துக்கொள்வதும் இதனால்தான். (ஆடியில் மேற்கே நாகமலைப் பக்கம் போய்ப் பாருங்கள், அது வேறு கதை.)

இரண்டாவது காரணம் வேகத்தடை. முதல் ஆள் தடையைத் தாண்டி வேகமெடுக்கும்போது கடைசி ஆள் இன்னும் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பார். அவர் தாண்டுவதற்குள் முன்னவர்கள் போயிருப்பார்கள், விரட்டிப் பிடிக்க வேண்டும். பிடித்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்த தடை. புதூரிலிருந்து மேலே போனால் இதற்குப் பஞ்சமே இல்லை. ஆக, ஒரே சாலையில் ஒரே தூரம் போனாலும் கடைசி ஆள் செய்யும் வேலை முதல் வரிசைக்குப் பின்னால் வருகிறவர் செய்வதைவிட அதிகம். புதியவர்கள் கூச்சத்தில் தாங்களாகவே கடைசிக்குப் போய்விடுகிறார்கள். குழுவும் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறது. இது தலைகீழான ஏற்பாடு. புதியவர் இரண்டாவது வரிசையில் வர வேண்டும், வேகத்தை அவர் மூச்சைப் பார்த்து முன்னவர் வைக்க வேண்டும், குழுவிலேயே பலமான ஆள் கடைசியில் வர வேண்டும். உங்களுக்குப் பின்னால் அன்று ஒருவர்கூட இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இருட்டில் பஞ்சர் ஆகியிருந்தால்?

அப்பன்திருப்பதியில் காத்திருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிவிட்டார்களா என்று எழுதவில்லை. பெரும்பாலான குழுக்களில் அப்படித்தான் நடக்கும். முதலில் வந்தவர்கள் பத்து நிமிடம் ஓய்வெடுத்திருப்பார்கள், கடைசியில் வந்தவர் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் "போலாமா?" என்பார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்குத்தான் ஓய்வு கிடைக்காது. இனிமேல் சேர்ந்ததும் காலை ஊன்றி, நிதானமாகத் தண்ணீர் குடியுங்கள். அவர்கள் நிற்கட்டும்.

மூன்றே பெண்கள் என்கிறீர்கள். புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துக் கற்றுக்கொண்டார்கள் பெண்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்களும், வயலில் நின்றவர்களும். 1992 மகளிர் தினத்தன்று அவர்களில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். நமக்கு 100 கிலோமீட்டர் தள்ளி நடந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடச் சைக்கிள் வந்து, எத்தனையோ பெண்கள் ஓட்டினார்கள். ஓட்டத் தெரியாதது காரணமே இல்லை. வீட்டிலிருந்து கூடும் இடம் வரை இருட்டில் தனியாக வர வேண்டியிருப்பதுதான் தடை என்பது என் கணக்கு. ஆண்கள் அதை ஒரு தூரமாகவே எண்ணுவதில்லை.

இதிலும் மார்கழி கொஞ்சம் கைகொடுக்கிறது. வருஷத்தில் இந்த ஒரு மாதம்தான் நாலரை, ஐந்து மணிக்குத் தெருவில் பெண்கள் இருக்கிறார்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்கள், பூசணிப்பூ வைக்கிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள். கோயில் ஸ்பீக்கரும் பாடிக்கொண்டிருக்கும். இந்த மாதத்திலேயே புதூர், மூன்றுமாவடி பக்கம் இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் தல்லாகுளத்துக்கு வர வேண்டும் என்பதில்லை. குழு எப்படியும் உங்கள் வாசல் வழியாகத்தானே வடக்கே போகிறது, வழியில் சேர்ந்துகொள்ளலாம். கோலத்தின் மேல் மட்டும் யாரும் வண்டியை ஏற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெரு நம்மைச் சகித்துக்கொள்வது அவ்வளவு தூரம்தான்.

விளக்கு விஷயம் சுருக்கமாக: இந்த நாட்களில் சூரியன் ஆறரைக்குப் பிறகுதான் வருகிறது. ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் இருட்டு. கண்மாய்க்கரையிலும் கால்வாய்ப் பாசன வயல்களை ஒட்டியும் மூடுபனி வேறு. பின்விளக்கு எரிகிறதா என்று நீங்கள் பார்க்க முடியாது, பக்கத்தில் வருபவர்தான் சொல்ல வேண்டும். தை பிறந்தால் நத்தம் சாலையிலும் திண்டுக்கல் சாலையிலும் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் இருக்கும், இல்லாமலும் இருக்கும். தூரத்திலேயே பெல் அடியுங்கள்.

தை முடிந்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்றாரே, அது உண்மைதான். ஆனால் ஏன் என்பதில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. வெயிலுக்குப் பயந்து ஓட்டுவதை விட்டுவிடுகிறார்கள் என்பார்கள். பங்குனியிலும் ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழுக்குள் 30 கிலோமீட்டர் தாராளமாக ஓட்டிவிடலாம், வெயில் தொடாது. தொடுவது அதற்குப் பிறகு வரும் அந்த ஒரு மணி நேரத்தை. ஏழரைக்குப் பெஞ்சில் உட்கார முடியாது. டீயை நின்றபடி குடித்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் கிளம்புகிறார்கள். இரண்டு வாரம் இப்படிப் போனால் மூன்றாவது வாரம் எழுந்து வரக் காரணம் இல்லை. சைக்கிள் ஓட்ட மட்டும் வருபவர்கள் எந்தக் குழுவிலும் ஆறேழு பேர்தான். அவர்கள் குழு இல்லாவிட்டாலும் ஓட்டுவார்கள்.

ஆகவே மார்கழியில் வருகிறவர்களை மோகக்காரர்கள் என்று தள்ள வேண்டாம். அவர்கள் தேடி வந்தது பேச்சை, அது கோடையில் கிடைக்காமல் போகிறது. உங்கள் குழு நிலைக்க வேண்டுமென்றால் மாசியிலிருந்து தூரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், உட்காரும் நேரத்தைக் குறைக்க வேண்டாம். விடியுமுன் அழகர்கோவிலுக்குப் பதில் ஒத்தக்கடை, யானைமலை அடிவாரம் போய் ஆறேகாலுக்கெல்லாம் ஒரு மர நிழலில் உட்கார்ந்துவிடலாம். அல்லது மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வெயில் தாழ்ந்ததும் வண்டியூர் தெப்பக்குளம். படிக்கட்டில் காற்று வரும், பருத்திப்பால் கிடைக்கும், பிள்ளைகளையும் அழைத்து வரலாம். ஓட்டியது எட்டு கிலோமீட்டர்தானா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். நீங்கள் தொடருங்கள். அடுத்த ஞாயிறு இரண்டாவது வரிசையில் போங்கள்.