மலையோர வீடு: வாங்கும் முன் மழையில் போய்ப் பாருங்கள்

மலையோர வீடுகள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் மண்ணையும் சரிவையும் பார்க்கும் சிவில் எஞ்சினியர். பினாங்குத் தீவின் தடுப்புச்சுவர்களோடும் வாய்க்கால்களோடும் இருபத்தைந்து வருடப் பழக்கம்.

பாயா தெருபோங்கில் மலையடிவாரத்தில் ஒரு இரட்டைமாடித் தொடர்வீடு பார்த்திருக்கிறோம். விலை கைக்கு எட்டுகிறது. பின்னால் உயரமான தடுப்புச்சுவர். எதைப் பார்த்து முடிவு செய்வது, ஐயா?

மலையைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். நம் தீவின் மலைகள் பெரும்பாலும் கிரானைட். வெயிலும் மழையும் அந்தக் கல்லைப் பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாக்கிவிட்டன. நடுநடுவே பெரிய பாறைகள் மட்டும் மிச்சமாக உட்கார்ந்திருக்கும். காய்ந்திருக்கும்போது அந்த மண் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். நாள்கணக்கில் மழை ஊறினால் உள்ளே தண்ணீரின் அழுத்தம் கூடி, மண்ணின் பிடிப்பு தளர்ந்துவிடும். மழை விட்ட பிறகும் சரிவு நேர்வது அதனால்தான்.

தடுப்புச்சுவரில் வரிசையாகச் சின்னக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் வெளியேறும் வழி அது. நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் போய் அவற்றைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் சொட்டினால் நல்லது. கலங்கிய தண்ணீர் வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது. குழாய்கள் காய்ந்திருக்க, சுவர் மட்டும் திட்டுத்திட்டாக ஈரம் பூத்து நடுவில் வயிறு தள்ளியிருந்தால், அந்த வீடு வேண்டாம். குழாய்கள் அடைபட்டு, மொத்தத் தண்ணீரையும் அந்தச் சுவர் தாங்கிக்கொண்டிருக்கிறது.

சுவரோடு நின்றுவிடாதீர்கள், மேலே ஏறிப் போய்ப் பாருங்கள். படிபடியாக வெட்டிய சரிவில் ஒவ்வொரு படியிலும் ஒரு வாய்க்கால் இருக்கும். அதில் சருகு அடைந்திருக்கிறதா, சிமெண்ட் பிளந்திருக்கிறதா, மரங்களும் விளக்குக் கம்பங்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பத்தடி முன்னே போவதற்குள் நாலரை அடிக்கு மேல் ஏறினால் அது ஏறக்குறைய 25 டிகிரி சரிவு. பினாங்கில் அந்த அளவைத் தாண்டிய சரிவையும், கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தையும் திட்டமிடலில் தனியாகவே வைத்துப் பார்க்கிறார்கள்.

என் தங்கைக்காக ஒரு வீட்டை நான் பார்த்தது பிப்ரவரி மாதத்தில். எல்லாம் காய்ந்து கிடந்தது; நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நவம்பரில் மேல்வீதித் தண்ணீர் முழுக்க அவள் வீட்டுப் பின்கட்டு வழியாக இறங்கியது. இத்தனை வருட அனுபவத்தோடு நான் செய்த தவறு அது, இன்னும் மனதை உறுத்துகிறது. அன்றிலிருந்து மழையில் பார்க்காத வீட்டுக்கு நான் சரி சொல்வதில்லை.

கோலாலம்பூரில் வேலை. உலு கிள்ளான் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடி வீடு மலிவாக வருகிறது. ஹைலண்ட் டவர்ஸை நினைத்து அம்மா வேண்டாம் என்கிறார்.

உங்கள் அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். 1993 டிசம்பர் 11 அன்று, பல நாள் மழைக்குப் பிறகு, அந்த 12 மாடிக் கட்டடங்களில் ஒன்று சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். பின்புறச் சரிவில் வடிகால் சரியாக இல்லை, ஓடை ஒன்று குழாய் வழியாகத் திருப்பிவிடப்பட்டிருந்தது, தடுப்புச்சுவர்களும் தாங்கவில்லை. பிரச்சினை தொடங்கியது கட்டடத்துக்கு வெளியே, மேலே. அதே வட்டாரத்தில் 2002இல் தாமான் ஹில்வியூவிலும் 2008இல் புக்கிட் அந்தாராபங்சாவிலும் மறுபடி உயிர்கள் போயின.

அதற்காக அந்த வட்டாரம் முழுவதையும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்குள் நின்று டைல்ஸ் பார்க்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் சரிவு யாருடையது என்று கேளுங்கள். அடுக்குமாடியின் எல்லைக்குள் என்றால் அது எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான சொத்து. நிர்வாகம்தான் பராமரிக்க வேண்டும், செலவில் உங்களுக்கும் பங்கு உண்டு. எல்லைக்கு வெளியே என்றால் அரசு நிலமா, தனியாருடையதா என்று வழக்கறிஞரை நில அலுவலகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் காடாகத் தெரியும் தனியார் நிலத்தில் நாளை புல்டோசர் ஏறலாம்.

அப்புறம் நிர்வாகத்தின் கணக்கு. அடுக்குமாடிகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி, பராமரிப்புக் கட்டணத்தோடு பொதுவாக அதன் 10 விழுக்காட்டுக்குச் சமமான தொகை சிங்கிங் ஃபண்டுக்கு, அதாவது பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதிக்கு, போக வேண்டும். அதில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை வீட்டுக்காரர்கள் கட்டாமல் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். கடைசி இரண்டு பொதுக்கூட்டக் குறிப்புகளையும் வாங்கிப் படியுங்கள். எஞ்சினியரை வைத்துச் சரிவைச் சோதித்த அறிக்கை ஒன்றுகூட இல்லாத இடத்தில், விலை எவ்வளவு இறங்கினாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஏதாவது நடந்தால் ஊராட்சி மன்றம் நஷ்டஈடு தரும் என்றும் இருந்துவிடாதீர்கள். ஹைலண்ட் டவர்ஸ் வழக்கில் 2006இல் கூட்டரசு நீதிமன்றம் ஊராட்சி மன்றத்துக்குப் பொறுப்பில்லை என்றே தீர்ப்பளித்தது.

வங்கிக் கடனோடு காப்புறுதியும் எடுத்தாயிற்று. மண்சரிவு அதில் அடங்குமா?

பெரும்பாலும் அடங்காது. ஃபயர் பாலிசி தீ, இடி போன்றவற்றுக்கு. ஹவுஸ் ஓனர் பாலிசி வெள்ளம் வரை வரும், ஆனால் மண்சரிவும் நிலம் அமிழ்வதும் கூடுதல் பிரீமியம் கட்டித் தனியாகச் சேர்க்க வேண்டியவை. இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள். அடுக்குமாடி என்றால் கட்டடக் காப்புறுதியை நிர்வாகம் எடுத்திருக்கும். அங்கே போய்க் கேளுங்கள்.

சுங்கை ஆராவில் வீடு. பின்பக்கம் சரிவைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் சமையலறையை எட்டடி நீட்டலாம் என்கிறார் கொந்திராக்டர்.

தயவுசெய்து வெட்டாதீர்கள். சரிவின் அடிப்பகுதிதான் மேலே இருக்கும் மண்ணுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. அதில் இரண்டடி எடுத்தாலும், உங்களுக்கு மேலே குடியிருக்கும் குடும்பத்தின் காலடி மண்ணை எடுக்கிறீர்கள். மாநகர் மன்றத்தின் அனுமதியும் பதிவுபெற்ற எஞ்சினியரின் வரைபடமும் இல்லாமல் தொடக் கூடாத வேலை இது. “எல்லாரும் செய்கிறார்கள்” என்று சொல்லும் கொந்திராக்டரை அனுப்பிவிடுங்கள்.

சரிவைத் தொடாமல் நீட்டுவதாக இருந்தாலும் ஒன்று கவனியுங்கள். மூல வீடு பெரும்பாலும் பைலிங் மேல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள் மேல், நிற்கும். நீட்டிய பகுதியை வெறும் மண்மேல் கட்டினால் அது மட்டும் மெல்ல அமிழும், இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விடும். நம் தாமான் குடியிருப்புகளில் இதைப் பார்க்காத தெருவே இல்லை. விரிசலுக்குள் மழைத்தண்ணீர் இறங்கினால் அமிழ்வது இன்னும் வேகமாகும்.

மலையில் வீட்டின் திசை பற்றி வாஸ்துப்படி ஏதாவது சொல்ல முடியுமா?

அது நான் படித்த துறை அல்ல. திருப்தி தருமென்றால் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் பங்குக்கு, தண்ணீர் எந்தத் திசையிலிருந்து வந்து எந்தத் திசையில் போகிறது என்று மட்டும் சொல்லித் தருவேன்.

அப்பா அம்மாவுக்கு எழுபது வயதாகிறது. மேட்டு வீடு சரிப்படுமா?

காற்று நன்றாக இருக்கும். ஆனால் பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடு வரை அவர்களோடு ஒருமுறை நடந்து பாருங்கள். கையில் மளிகைப் பையோடு. தண்ணீர்மலை முருகன் கோவில் படிகளை தைப்பூசத்தன்று பக்தியோடு ஏறிவிடலாம், தினமும் அப்படி ஏற முடியாது. காலையில் குழாய்த் தண்ணீரின் வேகத்தையும் பாருங்கள், உயரத்தில் குறைவாக இருக்கலாம்.

ஆயர் ஈத்தாமில் மலையோரத்தில் பதினைந்து வருடமாக இருக்கிறோம். 2017க்குப் பிறகு கனமழை இரவுகளில் எனக்குத் தூக்கமே இல்லை. எப்போது வெளியேற வேண்டும் என்று எப்படித் தெரியும்?

அந்த அக்டோபரில் தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் 11 தொழிலாளர்கள் மண்ணில் புதைந்ததையும், அடுத்த மாதமே வந்த பெருவெள்ளத்தையும் பார்த்தவர்களுக்குத் தூக்கம் வராததில் ஆச்சரியம் இல்லை.

பகலிலேயே ஒரு வேலை செய்யுங்கள். சுவரில் உள்ள ஒவ்வொரு விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். வருடக்கணக்கில் அசையாத விரிசல் உங்களை விழித்திருக்க வைக்க வேண்டியதில்லை. கோட்டைத் தாண்டி வளர்ந்தால் எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.

மழை இரவில் கவனிக்க வேண்டியவை வேறு. நேற்றுவரை நன்றாக மூடிய கதவு திடீரென்று சிக்குவது, தரையிலோ சுவரிலோ புது விரிசல், ஓடையில் தண்ணீர் சட்டென்று குறைவது அல்லது சேறாக மாறுவது, மேலே மரம் முறிகிற சத்தம். இவற்றில் ஒன்று நடந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். புக்கிட் அந்தாராபங்சாவில் மண் இறங்கியது அதிகாலை இருட்டில்தான். பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டிவிட்டு வெளியே வாருங்கள். சரிவின் கீழ்ப்பக்கமாக ஓடாமல் பக்கவாட்டில் விலகிப் போய், 999ஐக் கூப்பிடுங்கள். கெரான் (நிலப் பத்திரம்), அடையாள அட்டை, மருந்து எல்லாம் ஒரே பையில் வாசலருகே இருக்கட்டும். வீட்டில் எல்லாருக்கும் அந்தப் பை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கும்.