கூலிய ஏத்துனா வேலை போயிருமா?

கேள்வி: அண்ணே, குறைஞ்சபட்ச கூலிய ஏத்துனா ரெண்டு பேர நிப்பாட்டிருவேன்னு எங்க தையல் யூனிட் ஓனரு சொல்றாரு. நெசமா? (வாசகி, செல்லூர்)

பதில்: பயப்படாதம்மா. 1992 ஏப்ரல்ல அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாநிலத்துல மணிக்கு 4.25 டாலரா இருந்த கூலிய 5.05 ஆக்குனாங்க, பக்கத்து பென்சில்வேனியாவுல ஏத்தல, டேவிட் கார்டு, ஆலன் குரூகர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளருங்க ரெண்டு பக்கமும் சேத்து 410 பாஸ்ட்புட் கடைகள்ல ஏத்துறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் விசாரிச்சாங்க, ஏத்துன பக்கம் ஆளு குறையல. டேவிட் கார்டுக்கு 2021ல பொருளாதார நோபல் கெடைச்சது.

காரணம் உங்க தெருவுலயே இருக்கு. புள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு நடந்து போற தூரத்துல ஒரே யூனிட்டுதான்னா, ஓனரு குடுக்குறதுதான் ரேட்டு. அந்த எடத்துல சட்டம் கூலிய ஏத்துனா அவரு லாபம்தான் கொஞ்சம் குறையும். எங்க சித்தி பீஸ் ரேட்டுக்கு தச்சப்ப, கூலி பத்தலன்னு மாசம் ஒருத்தி நின்னுருவா, புதுசா வர்ற புள்ளைக்கு காலர் திருப்பவே ரெண்டு வாரம் சொல்லித்தரணும், அதுவும் ஓனருக்கு செலவுதான?

ஆனா ஒரேயடியா ரொம்ப ஏத்துனா அடி விழலாம், அதையும் மறைக்கக் கூடாது. அதே அமெரிக்காவுல சியாட்டில் நகரத்துல மணிக்கு 13 டாலர் ஆக்குனப்ப கம்மி கூலிக்காரங்களுக்கு வேலை நேரம் குறைஞ்சதா ஒரு ஆய்வு சொல்லுச்சு.

நம்ம ஊருல 1948லயே குறைஞ்சபட்ச கூலிச் சட்டம் வந்தும் பல எடத்துல அந்தக் கூலியே கைக்கு வரல, எனக்கு வயிறு எரியுறது அதுக்குத்தான். தச்ச பீஸ் கணக்க தேதி போட்டு உங்க நோட்டுலயும் எழுதி வைங்க, கூலி குறைஞ்சா நாலு பேரா சேந்து தொழிலாளர் துறை ஆபீசுக்குப் போங்க.